எம் ஸ்ட்ரீட் பள்ளியும் அன்னா ஜூலியா கூப்பரும்

ஒடுக்கப்பட்டோருக்குக் கல்வியை அடியோடு மறுப்பது பழைய முறை. கல்வி தருகிறோம் என்று சொல்லிவிட்டு, எதைக் கற்கலாம், எதுவரை கற்கலாம் என்பதைத் தாமே வரையறுப்பது பிந்தைய முறை. பின்னதை எதிர்ப்பது கடினம். ஏனெனில் அது நன்மையின் வேடத்தில் வருகிறது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் எம் ஸ்ட்ரீட் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக 1902 முதல் 1906 வரை பணியாற்றிய அன்னா ஜூலியா கூப்பர் இந்தப் பின்னதை எதிர்த்து நின்றவர். அதற்கு விலையாகத் தம் பதவியை இழந்தவர். நம் கருத்தரங்குகளில் மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரும் மால்கம் எக்ஸின் பெயரும் ஒலிக்கும் அளவுக்கு இவருடைய பெயர் ஒலிப்பதில்லை. கல்வியை அரசியலாகக் காணும் நாம் அவருடைய வாழ்வையும், அவர் காத்த பள்ளிக்குப் பின்னாளில் நேர்ந்ததையும் அறிந்திருக்க வேண்டும்.

கூப்பர் 1858ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தின் ராலே நகரில் அடிமையாகப் பிறந்தார். தாய் ஹன்னா ஸ்டான்லி ஹேவுட். அத்தாயை உடைமையாக வைத்திருந்த வெள்ளைக் குடும்பத்தின் ஆண் ஒருவரே தந்தை. ஹன்னா அதைப் பற்றி மகளிடம் வாய் திறந்ததே இல்லை, வெட்கம் தடுத்தது. மகளோ, பிறப்புக்குக் காரணமாக இருந்ததைத் தவிர அந்த மனிதருக்குத் தாம் எதற்கும் கடன்பட்டிருக்கவில்லை என்று பிற்காலத்தில் எழுதிவைத்தார். வெட்கம் யாருடையதாக இருந்திருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், விடுதலை பெற்றவர்களிலிருந்து ஆசிரியர்களை உருவாக்குவதற்காக ராலேயில் செயின்ட் அகஸ்டின் பள்ளி திறக்கப்பட்டது. 1868இல் அங்கே சேர்ந்த சிறுமி அன்னா, விரைவிலேயே தம்மினும் மூத்தவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஆனால் கிரேக்க வகுப்பு, மத போதகர்களாகப் போகும் ஆண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அன்னா முறையிட்டு வாதாடி அவ்வகுப்பில் இடம்பெற்றார். பின்னாளில் அவர் எதிர்கொண்ட போராட்டத்தின் வித்து இங்கேயே விழுந்துவிட்டதாக நாம் கருதுகிறோம். அவர் அப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான், 1873இல், ஜோதிராவ் பூலே தம் குலாம்கிரி நூலை வெளியிட்டு, அடிமை முறையை ஒழித்தமைக்காக அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். பூலே வாழ்த்திய அந்த விடுதலை எவ்வளவு அரைகுறையானது என்பதை அன்னாவின் தலைமுறை தன் உடலால் அறிந்துகொண்டிருந்தது.

1877இல் ஜார்ஜ் கூப்பரை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் கணவரை இழந்தார். அக்கால வாஷிங்டனில் மணமான பெண்கள் பள்ளி ஆசிரியர்களாக இருக்க முடியாது, கைம்பெண்கள் இருக்கலாம். துயரத்தின் வழியாகத்தான் அவருக்கு அந்தத் தொழிலின் கதவு திறந்தது என்பதைச் சொல்லாமல் கடந்து செல்ல முடியவில்லை. 1881இல் ஓபர்லின் கல்லூரியில் சேர்ந்து, ஆண்களுக்குரியதெனக் கருதப்பட்ட பாடத்திட்டத்தையே தேர்ந்து 1884இல் பட்டம் பெற்றார். 1887இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம். அவ்வாண்டே வாஷிங்டனிலிருந்து அழைப்பு வந்தது.

அவரை அழைத்த பள்ளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1870இல் பதினைந்தாம் தெரு பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் நிலவறையில் கறுப்பின இளைஞர்களுக்கான ஆயத்த உயர்நிலைப் பள்ளியாக அது தொடங்கியது. 1862இல் ஓபர்லினில் இளங்கலைப் பட்டம் பெற்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணாக அறியப்படும் மேரி ஜேன் பேட்டர்சன் அதன் தொடக்கக் காலத் தலைமையாசிரியர்களுள் ஒருவர். 1891இல் எம் தெருவில் அதற்கெனக் கட்டப்பட்ட செங்கல் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தபின் எம் ஸ்ட்ரீட் பள்ளி என்ற பெயர் நிலைத்தது. அது அரசுப் பள்ளி, கட்டணமில்லை. ஒரு குடியிருப்புப் பகுதிக்கென்று அமைந்த பள்ளியும் அன்று. நகரின் எந்த மூலையிலிருந்தும் படிப்பில் நாட்டமுள்ள கறுப்பின மாணவர் அங்கே வரலாம். பிள்ளைகளை அங்கே படிக்கவைப்பதற்காகவே வாஷிங்டனுக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் உண்டு. இலத்தீன், கிரேக்கம், உயர்கணிதம், அறிவியல் எல்லாம் கற்பிக்கப்பட்டன. 1899இல் நடந்த நகரளாவிய தேர்வில், வெள்ளை மாணவர்களுக்கான மூன்று உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டைவிட இப்பள்ளியின் சராசரி மதிப்பெண் உயர்ந்திருந்தது.

இச்சிறப்புக்கு ஒரு கொடிய காரணமும் இருந்தது. ஹார்வர்டிலும் ஓபர்லினிலும் படித்த கறுப்பினப் பட்டதாரிகளை எந்த வெள்ளைப் பல்கலைக்கழகமும் பணிக்கு எடுக்கவில்லை. ஆகவே பேராசிரியர்களாக இருந்திருக்க வேண்டியவர்கள் பள்ளி ஆசிரியர்களானார்கள். வரலாற்றறிஞர் கார்ட்டர் வுட்சன் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற காலத்தில் இப்பள்ளியில்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இனப்பிரிவினை அடைத்துவைத்த அறிவு முழுவதும் ஒரே கட்டடத்துக்குள் தேங்கி நின்றது. அங்கே வந்து சேர்ந்தவர்களில் நகரத்து நடுத்தர வகுப்பினர் மிகுதி என்பதையும், வெளிர் நிறத்தைப் பெருமையாகக் கொண்ட ஒரு மேட்டுக்குடி மனப்பான்மை அச்சமூகத்துக்குள் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் படிநிலைகள் உருவாகும் என்பது நமக்குத் தெரியாததா?

1892இல் கூப்பரின் 'தெற்கிலிருந்து ஒரு குரல்' என்னும் நூல் வெளிவந்தது. கறுப்பின ஆண்கள் இனத்தின் பெயரால் பேசும்போது பெண்களை மறப்பதையும், வெள்ளைப் பெண்கள் பெண்ணினத்தின் பெயரால் பேசும்போது கறுப்பினப் பெண்களை விலக்குவதையும் அந்நூல் ஒருசேரச் சாடியது. தலித் பெண்ணியர் இங்கே நடத்திவரும் வாதத்தை அறிந்தோர் அந்நூலில் அந்நியத்தன்மை எதையும் உணரமாட்டார்கள். 1893இல் சிகாகோவில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டிலும், 1900இல் இலண்டனில் நடந்த பான் ஆப்பிரிக்க மாநாட்டிலும் அவர் உரையாற்றினார். அவருடைய நூலின் புகழ்பெற்ற வாக்கியம் ஒன்றை டுபாய்ஸ் பிற்காலத்தில் எடுத்தாண்டபோது, எழுதியவரின் பெயரைக் குறிப்பிடவில்லை. நம் இனப் பெண்களுள் ஒருவர் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். டுபாய்ஸ் பெண் விடுதலையின் உண்மையான ஆதரவாளர். அப்படியிருந்தும் இது நேர்ந்தது.

1902இல் கூப்பர் எம் ஸ்ட்ரீட் பள்ளியின் தலைமையாசிரியரானார். அப்போது கறுப்பினக் கல்வி குறித்த அமெரிக்கப் பொதுக்கருத்தை ஆண்டவர் அலபாமாவின் டஸ்கீகி நிறுவனத்தை நடத்திய புக்கர் டி. வாஷிங்டன். தச்சு, கொல்லு, பண்ணைவேலை, தையல் ஆகியவற்றைக் கற்று உழைத்து முன்னேற வேண்டும். அரசியல் உரிமையையும் உயர்கல்வியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய நிலைப்பாடு. தென்மாநில ஏழைப் பிள்ளைகள் பல்லாயிரம் பேருக்கு அந்நிறுவனம் வாழ்வளித்தது மெய். ஆயினும் வெள்ளைச் செல்வர்கள் அதற்கு வாரி வழங்கியதன் காரணம் வேறு. உழைக்கும் கைகள் கிடைக்கும், எதிர்த்து வாதிடும் நாக்குகள் கிடைக்கமாட்டா என்று அவர்கள் கணக்கிட்டார்கள். குலக்கல்வி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

கூப்பர் தொழிற்கல்வியின் எதிரி அல்லர். விரும்புவோர் அதைக் கற்கட்டும் என்றார். தோலின் நிறத்தைக் கொண்டு ஒருவருடைய அறிவின் எல்லையை முன்கூட்டியே வரைவதைத்தான் மறுத்தார். மாணவர்களுக்குத் தாமே இலத்தீன் கற்பித்தார். ஹார்வர்டு, பிரவுன், யேல் போன்ற பல்கலைக்கழகங்களின் நுழைவுக்கு அவர்களை ஆயத்தப்படுத்தினார். 1903இல் பள்ளியைக் காண வந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஃபெலிக்ஸ் க்ளைன், அவருடைய இலத்தீன் வகுப்பில் அமர்ந்து பார்த்து வியந்து, நாடு திரும்பியபின் தம் பயண நூலில் அதைப் பதிவு செய்தார். 1902-03 குளிர்காலத்தில் டுபாய்ஸ் இப்பள்ளிக்கு வந்து, கறுப்பினப் பள்ளிகளின் பாடத்திட்டத்தைச் சுருக்கும் போக்கு நாட்டில் வளர்ந்துவருவதாக எச்சரித்தார். அவ்வுரை மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை.

நகரின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இயக்குநராக இருந்த பெர்சி ஹியூஸ் என்ற வெள்ளை அதிகாரி, எம் ஸ்ட்ரீட் மாணவர்களுக்கு ஏனைய பள்ளிகளின் பாடத்திட்டம் பொருந்தாது என்ற முடிவில் இருந்தார். கூப்பர் இணங்கவில்லை. 1905இல் கல்வி வாரியத்தின் முன் அவர்மீது குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. மாணவர்களிடையே ஒழுங்கு இல்லை; சிலர் புகைக்கிறார்கள், குடிக்கிறார்கள்; அனுமதி பெறாத பாடநூல் பயன்படுத்தப்படுகிறது; தலைமையாசிரியர் மேலதிகாரிக்கு ஒத்துழைப்பதில்லை. இவையெல்லாம் போதாதென்று, அவருடைய ஆதரவில் வளர்ந்து ஆசிரியராகி, அவர் வீட்டிலேயே தங்கியிருந்த இளைஞர் ஒருவரோடு அவரை இணைத்து வதந்தி பரப்பப்பட்டது. கொள்கையால் வெல்ல முடியாத பெண்ணை ஒழுக்கத்தின் பெயரால் வீழ்த்துவது எல்லா நாட்டிலும் கைகண்ட முறை. பெற்றோரும் பழைய மாணவர்களும் பலர் அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். பாடத்திட்டம் தப்பியது, அவர் தப்பவில்லை. 1906இல் வாரியம் மாற்றியமைக்கப்பட்டபோது அவருக்கு மறுநியமனம் வழங்கப்படவில்லை. அடுத்த ஆண்டு நகரின் கறுப்பினப் பள்ளிகளுக்குத் துணைக் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டவர் டஸ்கீகியிலிருந்து வந்த ராஸ்கோ கான்க்லிங் புரூஸ். அவரும் எம் ஸ்ட்ரீட் பள்ளியில் படித்து ஹார்வர்டு சென்றவரே.

கூப்பர் மிசௌரி மாநிலத்தின் லிங்கன் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் மொழி கற்பித்தார். 1910இல் எம் ஸ்ட்ரீட் பள்ளிக்கே திரும்பினார், தலைமையாசிரியராக அன்று, இலத்தீன் ஆசிரியராக. தாம் ஆண்ட இடத்தில் கீழ்ப்பணி ஏற்றதை ஒரு தோல்வியாக அவர் கருதியதாகத் தெரியவில்லை. பிள்ளைகளும் இலத்தீனும் அங்கேதான் இருந்தன. அதற்கு அடுத்த ஆண்டு அப்பள்ளியில் படிப்பை முடித்து வெளியேறியவர்களுள் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற 15 வயதுச் சிறுவனும் ஒருவன். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

1914இல் கூப்பர் முனைவர் பட்டத்துக்காக நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பதிந்துகொண்டு கோடை விடுமுறைகளில் படித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார். சேரும்போது அண்ணலுக்கு வயது 22. கூப்பர் 55ஐக் கடந்திருந்தார். 1915இல் தம் தமையன் குடும்பத்தில் தாயை இழந்த ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பை அவர் ஏற்றார். கைக்குழந்தையும் அவர்களுள் ஒன்று. கொலம்பியாவின் விதிப்படி ஓராண்டு அங்கேயே தங்கிப் படிக்க அவரால் இயலாமற்போயிற்று. எனவே பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்துக்குத் தம் ஆய்வை மாற்றிக்கொண்டார். 1924இல் பாரிஸ் சென்றிருந்தபோது, 60 நாட்களுக்குள் திரும்பாவிடில் வேலை பறிபோகும் என்ற செய்தி எட்டியது. சேகரித்த குறிப்புகளோடு கப்பலேறி, குறித்த நாளுக்குள் வகுப்பறையில் நின்றார்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமை முறை குறித்து பிரான்ஸ் கொண்டிருந்த மனப்பான்மையே அவருடைய ஆய்வுப்பொருள். மனித உரிமை முழங்கிய பாரிஸும், கரும்புத் தோட்டங்களில் மனிதர்களை வாட்டிய செயின்ட் டொமிங்கோவும், அதாவது இன்றைய ஹைட்டியும், ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்று அவர் காட்டினார். 1925 மார்ச் மாதம் நடந்த வாய்மொழித் தேர்வில் அவரைக் கேள்வி கேட்டவர்களுள் சமூகவியலாளர் செலஸ்டின் புக்லே ஒருவர். இந்தியச் சாதியமைப்பைப் பற்றி 1908இல் நூல் எழுதிய அதே புக்லே. சமத்துவம் என்னும் கருத்தை மேற்கத்திய நாகரிகத்தின் தனிச்சொத்தாகக் காட்டிய அவருடைய கோட்பாட்டை, அவர் முன்னிலையிலேயே கூப்பர் மறுத்தார். சமத்துவ வேட்கை எந்த இனத்தின் கண்டுபிடிப்பும் அன்று, மனிதராய்ப் பிறந்த எவருக்கும் உள்ளியல்பானது என்பது அவருடைய வாதம். 66ஆம் வயதில் முனைவரானார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுள் அப்பட்டம் பெற்ற நான்காமவர்.

இதற்கிடையே, 1916இல், பள்ளி புதிய கட்டடத்துக்கு மாறி, கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பெயரைத் தாங்கியது. கூப்பர் 1930இல் அங்கிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது சொல்லளவில்தான். பகலில் கூலிவேலை செய்யும் கறுப்பின மக்களுக்கு மாலையில் கல்வி வழங்கிய ஃப்ரீலிங்ஹைசன் பல்கலைக்கழகத்தின் தலைமையை ஏற்றார். வாடகை கொடுக்க வழியின்றிப் போனபோது வகுப்புகளைத் தம் வீட்டுக்கே கொண்டுவந்தார். அதன் ஒரு பிரிவுக்கு, அடிமையாய்ப் பிறந்த தம் தாய் ஹன்னா ஸ்டான்லியின் பெயரைச் சூட்டினார். தெரிவுசெய்யப்பட்ட மாணவர்களின் பள்ளியில் வாழ்நாளைக் கழித்தவர், தெரிவுக்கே வர இயலாதவர்களுக்குத் தம் வரவேற்பறையை ஒதுக்கினார். அவர் பெற்ற பட்டங்களினும் இதையே நாம் பெரிதென மதிக்கிறோம்.

இனி ஹூஸ்டனுக்கு வருவோம். அச்சிறுவன் வழக்கறிஞராகி, ஹவார்டு பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறை வழக்கறிஞர்களைப் பயிற்றுவித்து, பள்ளிகளில் இனப்பிரிவினையைச் சட்டத்தால் தகர்க்கும் போர்த்திட்டத்தை வகுத்தார். 1950இல் அவர் மறைந்தார். 1954இல் உச்ச நீதிமன்றம் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கியது. அத்தீர்ப்புக்குப்பின் வாஷிங்டன் பள்ளிகள் குடியிருப்புப் பகுதி வாரியாகப் பிரிக்கப்பட்டன. டன்பார் நகரம் முழுவதற்குமான பள்ளி என்ற நிலையை இழந்து, சுற்றுவட்டாரத்துக்கு மட்டுமான பள்ளியாயிற்று. பல்கலைக்கழகக் கதவுகள் மெல்லத் திறந்தபோது மேல்தகுதி பெற்ற ஆசிரியர்களும் அங்கே வந்து சேர வேண்டிய கட்டாயம் நீங்கியது. கூப்பர் பதவியிழந்தும் காத்துத் தந்த அந்தப் பள்ளி, கட்டடம் நிற்கும்போதே முடிந்துபோனது. 1977இல், பழைய மாணவர்களின் எதிர்ப்பை மீறி, 1916ஆம் ஆண்டுக் கட்டடமும் இடிக்கப்பட்டது.

பிரிவினை நீடித்திருக்க வேண்டும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நாம் அவர்களோடு உடன்படவில்லை. தீர்ப்பு வாயிலைத் திறந்தது. எம் ஸ்ட்ரீட் பள்ளியில் இருந்த பாடத்திட்டத்தையும் ஆசிரியர்களையும் எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுசேர்க்கும் பொறுப்பு நகர நிர்வாகத்தினுடையது. அதை அது செய்யவில்லை. வெள்ளைக் குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. மாநகரின் பள்ளிகள் கவனிப்பாரற்று விடப்பட்டன. பழியைச் சமத்துவத்தின்மேல் போடுவது எளிது.

கூப்பர் 1964 பிப்ரவரி 27 அன்று தம் 105ஆம் வயதில் வாஷிங்டனில் மறைந்தார். குடியுரிமைச் சட்டம் நிறைவேற அப்போது இன்னும் சில மாதங்கள் இருந்தன. ராலேயில், 1879இல் இழந்த கணவருக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள். 2007இல் வெளியான அமெரிக்கக் கடவுச்சீட்டின் பக்கங்களில் பலருடைய வாசகங்கள் அச்சிடப்பட்டன. அவர்களுள் ஒரே பெண் அவர். 1891இல் எழுந்த செங்கல் கட்டடம் எம் தெருவில் இன்றும் நிற்கிறது. அங்கே இப்போது உயர்நிலைப் பள்ளி இல்லை.