கடிகாரத்தைப் பிரித்த சிறுமி

ஒரு வீடு. அங்கே 7 அலாரக் கடிகாரங்கள் இருந்தன. 7 வயதுச் சிறுமி ஒருத்தி அவற்றில் ஒன்றைப் பிரித்தாள். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அது எப்படி என்று பார்க்க அடுத்ததைப் பிரித்தாள். இப்படியே ஏழும் துண்டு துண்டாயின!

விஷயம் தாயாருக்குத் தெரிந்தது. இனி ஒரு கடிகாரத்துக்கு மேல் தொடக் கூடாது என்று கட்டளையிட்டார்.

அந்தச் சிறுமிதான் கம்ப்யூட்டர் உலகில் புகழ் பெற்ற கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

இவர் 1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி பிறந்தார். 1934-ல் யேல் பல்கலைக் கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தார்.

2-வது உலக யுத்தம் வந்தது. கடற்படையில் சேர மனுச் செய்தார். எடை போதாது என்றார்கள். அம்மையார் விடவில்லை. தனி அனுமதி பெற்று 1943-ல் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டில் இருந்த "மார்க்-1" என்ற ராட்சசக் கணக்கு எந்திரத்தில் வேலை கிடைத்தது. அதன் நீளம் 51 அடி!

நோட்டுப் புத்தகத்தில் வந்த வினை

எந்திரத்துக்குக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதித் தர வேண்டும். சில கணக்குகள் அடிக்கடி வரும். அவற்றுக்கான கட்டளைகளை நோட்டில் குறித்து வைத்து, ஒருவரிடம் ஒருவர் வாங்கிப் பார்த்து எழுதினார்கள். ஓர் எழுத்து தவறினாலும் கணக்குக் கெட்டது. இடத்துக்கு ஏற்ப எண்களையும் கூட்டி மாற்ற வேண்டும். அதிலும் பிழை!

பார்த்து எழுதுவதும் கூட்டுவதும் எந்திரத்துக்குக் கை வந்த கலை. அதனிடமே விட்டால் என்ன என்று அம்மையார் யோசித்தார்.

சரி பார்த்த சிறு சிறு பகுதிகளைக் காந்த நாடாவில் பதிந்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். எண்ணைச் சொன்னால் போதும். "யூனிவாக்" எந்திரமே பகுதிகளைத் தேடி எடுத்துக் கோத்துவிடும். 1952-ல் வந்த இந்த ஏற்பாட்டின் பெயர் "ஏ-0". குறை கண்ட பகுதியை மட்டும் திருத்தி, மறுபடி கோக்கச் சொன்னால் வேலை முடிந்தது.

ஆனால் யாரும் நம்பவில்லை. எந்திரம் கணக்குத்தான் போடும், புரோகிராம் எழுதாது என்றார்கள். அம்மையார் சளைக்கவில்லை. ஆங்கிலச் சொற்களில் கட்டளையிடவும் வழி கண்டார். 1959-ல் உருவான "கோபால்" மொழிக்கு அதுவே அடிப்படை ஆயிற்று.

கம்பித் துண்டு

வேகத்திலும் அவருக்குக் கண் உண்டு. கூட்டங்களில் சுமார் 1 அடி நீளக் கம்பித் துண்டுகளை வழங்குவார். வினாடியில் 100 கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்சாரம் அதற்கு மேல் போக முடியாது. பிறகு, ஆயிரம் அடிக்குச் சற்றே குறைந்த கம்பிச் சுருளைக் காட்டுவார். அது வினாடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. புரோகிராம் எழுதுகிறவர்கள் வீணாக்கும் நேரத்தை இப்படிக் கண் முன்னே காட்டினார்.

1986-ல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. பதவி, ரியர் அட்மிரல். 1992 ஜனவரி 1-ந் தேதி காலமானார்.

அமெரிக்கப் போர்க் கப்பல் ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. "கோபால்" மொழியில் எழுதிய புரோகிராம்கள் இன்றும் பாங்கிகளில் கணக்குப் பார்க்கின்றன.