மரியா மாண்ட்டிசோரி

மரியா மாண்ட்டிசோரி (ஆகஸ்ட் 31, 1870 – மே 6, 1952) இத்தாலிய மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். இவர் பெயரால் வழங்கும் மாண்ட்டிசோரி கல்வி முறை உலகின் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. மனவளர்ச்சிக் குறையும் பேச்சுக் குறையும் உடைய குழந்தைகளுக்குத் தசைகளையும் புலன்களையும் பயிற்றுவிப்பதன் வழியாகக் கல்வி அளிக்க முடியும் என்பதை நடைமுறையில் காட்டியவர்களுள் இவரும் ஒருவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்தார்.

பிறப்பும் கல்வியும்

இத்தாலியின் அங்கோனா மாகாணத்திலுள்ள கியாரவல்லே என்னும் ஊரில் அலெசாண்ட்ரோ, ரெனில்டே இணையருக்குப் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த அக்காலத்தில் ரோம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் இப்பட்டம் பெற்ற முதல் சில பெண்களுள் இவரும் ஒருவர்.

குறைபாடுள்ள குழந்தைகளிடையே பணி

பட்டம் பெற்றபின் ரோம் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அப்போது மனநல விடுதிகளில் பெரியவர்களோடு அடைத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகளைக் கண்டார். வெறுமையான அறையில், உணவு முடிந்தபின் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளை அவர்கள் தேடி எடுத்ததைக் கவனித்தார் என்று இவருடைய வாழ்க்கை வரலாறுகளில் கூறப்படுகிறது. தொட்டு உணர்வதற்கும் கைகளால் கையாளுவதற்கும் அக்குழந்தைகளுக்கு எதுவுமே இல்லை என்று இவர் கருதினார்.

இதன்பின் இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை ஊன்றிப் படித்தார். ஒருவர் இத்தார் (1774 – 1838). இவர் அவேரோன் காட்டுப்பகுதியில் கண்டெடுக்கப்பட்ட விக்டர் என்ற சிறுவனுக்குப் பேச்சுக் கற்பிக்கப் பல ஆண்டுகள் முயன்றவர். விக்டர் சில சொற்களைப் புரிந்துகொண்டபோதும் பேசும் திறனைப் பெறவில்லை. மற்றவர் இத்தாரின் மாணவரான எதுவார் செகுவின் (1812 – 1880). முதலில் தசைகள், பின்னர் புலன்கள், அதன்பின் அறிவு என்ற வரிசையில் குழந்தையைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது இவருடைய கொள்கை.

குறைபாடுள்ள குழந்தைகளின் ஆசிரியர்களுக்காக ரோமில் 1900இல் தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளிக்கு மாண்ட்டிசோரி இணை இயக்குநரானார். அங்கு பயின்ற குழந்தைகளுள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, மற்றக் குழந்தைகளுக்கான பொதுத் தேர்விலும் வென்றனர். இதைப் பலர் பாராட்டினர். ஆனால் குறைபாடற்ற குழந்தைகள் அதே நிலையிலேயே நிற்பது ஏன் என்ற கேள்வியே இவர் மனத்தில் எழுந்தது.

குழந்தைகள் இல்லமும் உடற்பயிற்சியும்

1907 ஜனவரி 6 அன்று, ரோமின் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அங்கு கிடைத்த பட்டறிவை 1909இல் நூலாக வெளியிட்டார். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1912இல் வந்தது.

அந்நூலில் தசைப் பயிற்சிக்கென்று தனி அத்தியாயம் உள்ளது. சிறு குழந்தையின் உடற்பகுதி கால்களோடு ஒப்பிடுகையில் பெரியது. ஆதலால் நீண்ட நேரம் நிற்பதும் நடப்பதும் கால்களுக்குச் சுமையாகும் என்று இவர் விளக்கினார். குழந்தைகள் வேலிக் கம்பியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் நகர்வதைக் கண்டு, அதுபோன்ற சிறு வேலி ஒன்றை அமைத்தார். ஊஞ்சல், கயிற்றேணி ஆகியவற்றையும் பயன்படுத்தினார்.

மூச்சுப் பயிற்சியும், உதடு, பல், நாக்கு ஆகியவற்றுக்கான பயிற்சிகளும் இதில் அடங்கும். மூச்சை ஒழுங்குபடுத்துவது பேச்சுக்கு உதவும் என்று இவர் கருதினார். குழந்தைகள் முதலில் வகுப்பாகச் சேர்ந்தும் பின்னர் தனித்தனியாகவும் ஒலிகளைக் கூறுவர். திருத்தமாக உச்சரிக்க இயலாத குழந்தையின் வயதையும், எந்தத் தசையின் இயக்கத்தில் குறை உள்ளது என்பதையும் ஆசிரியர் குறித்துக்கொள்வார். குறைகளை மொழி உருவாகும் இளவயதிலேயே சரிசெய்ய வேண்டும் என்பது இவர் கருத்து. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைக் கூறும் பயிற்சியும் உடலியக்கத்தையும் மொழியையும் இணைப்பதே ஆகும்.

இந்தியாவில்

பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பின்பேரில், தம் மகன் மாரியோவுடன் 1939இல் சென்னை வந்தார். அடையாற்றில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்டனர். 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டனர். மாரியோ தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். மாண்ட்டிசோரியின் நடமாட்டம் அடையாற்றுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. 1898இல் திருமணத்துக்கு வெளியே பிறந்த மாரியோவை இவர் நெடுங்காலம் வெளிப்படையாகத் தம் மகன் என்று கூற இயலாதிருந்தது. இவருடைய 70ஆவது பிறந்தநாளை ஒட்டி மாரியோ விடுவிக்கப்பட்டார்.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். இவ்வூர் இன்றைய தேனி மாவட்டத்தின் பெரியகுளம் சமவெளிக்கு வடக்கே எழும் பழனி மலைத்தொடரின் மேல் உள்ளது. மோட்டார்ப் பாதை அமைவதற்கு முன் மக்கள் பெரியகுளம் பக்கமிருந்தே மலையேறி வந்தனர். கொடைக்கானலில் வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயின்ற சிறு பள்ளியை நடத்தினார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன இவருக்கு உதவினார். செடிகொடிகளையும் உயிரினங்களையும் நேரில் கண்டு பயிலும் முறை இங்கு விரிவடைந்தது. 1944இல் கொழும்பிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார்.

இறுதிக் காலம்

1946இல் ஐரோப்பா திரும்பினார். 1947இல் மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். 1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் அமைதிக்கான நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டார். எனினும் பரிசு கிடைக்கவில்லை. நெதர்லாந்தின் நூர்த்விக் ஊரில் 1952இல் காலமானார். இவருடைய உருவம் பொறித்த 1000 லிரா பணத்தாளை இத்தாலி 1990இல் வெளியிட்டது.

மதிப்பீடு

1920களில் முசோலினி அரசின் ஆதரவை ஏற்றது இவர்மீது வைக்கப்படும் குறைகளுள் ஒன்று. 1934இல் அவ்வரசுடன் முரண்பட்டு இத்தாலியை விட்டு வெளியேறினார்.

மொழி வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகள் பலருக்கு உடலியக்க ஒருங்கிணைப்பிலும் சிரமம் இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. இவ்வகையில் இவருடைய நோக்கு இன்றும் பொருந்துகிறது. ஆனால் ஒலியின்றி நாக்கையும் உதட்டையும் மட்டும் அசைக்கும் பயிற்சிகள் உச்சரிப்பைத் திருத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. எனவே உடற்பயிற்சி பேச்சுப் பயிற்சிக்குத் துணையாகவே கொள்ளப்படுகிறது. அதற்கு மாற்றாக அன்று.