எண்ணத் தெரிந்த இன்ஜினீயர்

லேபில் ரீடிங் சரியா வராதபோது நாம் என்ன செய்வோம்? பக்கத்து பேட்ச் நோட்டை எட்டிப் பார்த்து, கிராஃப் நேர்கோட்டில் வருகிற மாதிரி நாலு எண்களை எழுதிவிடுவோம். நானும் எழுதியவன்தான். சைமன் வான் டெர் மேர் என்பவரைப் பற்றிப் படித்த பிறகு அப்படி எழுதக் கை கூசுகிறது. அதனால்தான் இந்த மலரில் அவர் கதையைச் சொல்ல வந்தேன்.

நெதர்லாந்தில் ஹேக் நகரில் 1925 நவம்பர் 24-இல் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். 1943-இல் பள்ளிப் படிப்பு முடிந்தபோது நாடு ஜெர்மானியர் பிடியில். பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. பையன் சோர்ந்துவிடவில்லை. இன்னும் இரண்டு வருஷம் அதே பள்ளியில் இருந்து, இயற்பியல் வாத்தியாருக்குச் செய்முறைகளில் கைகொடுத்தார். வீடு முழுக்க எலெக்ட்ரானிக் சாமான்கள்! 1952-இல் டெல்ஃப்டில் இன்ஜினீயர் பட்டம். பிறகு ஃபிலிப்ஸ் ஆய்வகம். 1956-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம். 1990-இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அங்கே புரோட்டான் கற்றைகளை மோதவிட்டுப் புதுத் துகள்களைத் தேடுவார்கள். ஒருத்தன் 40 ரன் அடிச்சான்னா, எத்தனை பந்தில் என்று கேட்போமில்லையா? அதுபோல, ஒரு துகள் எத்தனை முறை பிறந்தது என்பது மட்டும் போதாது. அதற்கு எத்தனை வாய்ப்பு இருந்தது என்பதும் தெரிய வேண்டும். கற்றைகள் எவ்வளவு அகலத்தில் ஒன்றோடொன்று படுகின்றன என்று தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத கற்றையை எந்த ஸ்கேலால் அளப்பது?

காந்தங்களுக்கான பவர் சப்ளை வேலையில் இருந்த நம்மாள், 1968-இல் ஒரு சின்ன அறிக்கையில் வழி சொன்னார். ஒரு கற்றையை இன்னொன்றின் குறுக்கே கொஞ்சங் கொஞ்சமாக நகர்த்து. ஒவ்வொரு இடத்திலும் மோதல்களை எண்ணு. கிராஃப் போடு. வளைகோட்டின் கீழுள்ள பரப்பை அதன் உச்சி உயரத்தால் வகுத்தால், வேண்டிய அளவு கிடைத்துவிடும். எண்ணும் கருவி பாதி மோதல்களைத் தவறவிட்டாலும் பாதகமில்லை. வகுக்கும்போது அந்தக் குறை இருபக்கமும் அடிபட்டுப் போகும். நம்ம கிராஃப் ஷீட் கணக்குதான்!

அவருடைய இன்னொரு யோசனை, சிதறி ஓடும் எதிர்ப்புரோட்டான்களை ஒழுங்குபடுத்துவது. வளையத்தின் ஓரிடத்தில் அவற்றின் விலகலை உணர்ந்து, சிக்னலைக் குறுக்கு வழியில் அனுப்பி, அவை சுற்றி வரும்போது தட்டிச் சரிசெய்வது. நடக்காத காரியம் என்று அவரே சந்தேகப்பட்டதால், 1972-இல்தான் எழுதி வெளியிட்டார். பின்னர் சோதித்துப் பார்த்தபோது வேலை செய்தது. அந்த நம்பிக்கையில்தான் செர்ன், புரோட்டானையும் எதிர்ப்புரோட்டானையும் மோதவிடத் துணிந்தது. அவர் யோசனை தோற்றிருந்தால் மொத்தத் திட்டமும் படுத்திருக்கும்.

1982 கடைசியில் சுமார் 100 கோடி மோதல்களில், ஒரு குழுவுக்கு 6, இன்னொரு குழுவுக்கு 4 என டபிள்யூ போசானின் தடயங்கள் கிடைத்தன. புரோட்டானைவிடச் சுமார் 86 மடங்கு கனமானது அது. 1983-இல் அதையும், அதைவிடக் கனமான இசட் போசானையும் அறிவித்தார்கள். 1984-இல் கார்லோ ரூபியாவுடன் வான் டெர் மேருக்கும் நோபல் பரிசு. பவர் சப்ளை பார்த்த இன்ஜினீயருக்கு இயற்பியல் நோபல்!

2011 மார்ச் 4-இல் அவர் மறைந்தார். ஆனால் செர்னின் பெரிய மோதுவளையத்தில் டபிள்யூ, இசட் எத்தனை அடிக்கடி பிறக்கின்றன என்று அளந்தபோதெல்லாம், அவர் பெயர் தாங்கிய அதே முறைதான் அடிப்படை. 2015 முதல் 2018 வரையிலான ஓட்டத்தில் அட்லஸ் குழு அந்த மோதல் அளவை ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு கணக்கிட்டது.

100 கோடியில் பத்தைத் தேடுகிற இடத்தில் யாராவது ரீடிங்கை இட்டுக்கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த பிராக்டிகலில் என் கிராஃப் கோணலாக வந்தால் கோணலாகவே ஒட்டப் போகிறேன். மார்க் போனால் போகட்டும்.