எழுத்தர் தந்த இயந்திரம்

மேட்டுப்பாளையத்தில் என் இளமைக் காலத்தில், தட்டச்சுப் பயிலகத்தின் ஓசை மாலைதோறும் தெருவரை கேட்கும். 'லோயர்', 'ஹையர்' சான்றிதழ்கள்தாம் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அலுவலகக் கதவைத் திறந்தன. தமிழுக்கு அந்தக் கதவை அமைத்தவர் ஆர். முத்தையா.

1886-இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த அவர், பிழைப்புக்காகக் கடல் கடந்து மலாயா, சிங்கப்பூர் சென்றார். ஆங்கிலேய வணிக நிறுவனம் ஒன்றில் பணியாற்றித் தலைமை எழுத்தராக உயர்ந்தார். தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்குப் பதிவு மூன்றிலும் தேர்ந்தவர். ஆங்கிலப் பொறியில் அன்றாடம் பழகிய அவருக்கு, தம் மொழிக்கு அத்தகைய கருவி இல்லாத குறை உறுத்தியது.

26 எழுத்துகளுக்கென உருவான பொறியில் 247 எழுத்துகளை அடக்குவது எப்படி? ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விசை தேவையில்லை என்று முத்தையா கண்டார். கால், கொம்பு போன்ற குறிகளைப் பல எழுத்துகளுக்கும் பொதுவாக்கினார். சில குறிகளை அழுத்தும்போது தாள் நகராது. எழுத்தும் குறியும் ஒரே இடத்தில் பதியும். அதுவே அவரது 'நகரா விசை'. அவர் வடிவமைத்த பொறிகள் ஜெர்மனியில் தயாராகி வந்தன.

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. கோப்புகள் தமிழுக்கு மாறத் தமிழ்த் தட்டச்சுப் பொறி இன்றியமையாததாயிற்று. முத்தையா தொடங்கிவைத்த பணியின் பயன் அப்போது முழுமையாகத் தெரிந்தது.

பின்னர் கணினி வந்தது. 1999-இல் 'தமிழ்99' விசைப்பலகை அறிமுகமானது. பழைய பலகையில் ஊறிய விரல்கள் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. இன்று தட்டச்சர் பணிக்குக் கணினிச் சான்றும் கேட்கப்படுகிறது. கோப்புகளும் மின்வடிவம் பெறுகின்றன.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிய கருவியால் மிச்சமாகும் நேரம் நிறுவனத்தின் கணக்கில் சேர்கிறது. அதைக் கற்கும் நேரமும் பணமும் பெரும்பாலும் ஊழியரின் கணக்கில் எழுதப்படுகின்றன. ஓய்வை நெருங்கும் எழுத்தர் தடுமாறினால், அது அவருடைய திறமைக் குறைவாகவே பார்க்கப்படுகிறது.

முத்தையா பொறியாளர் அல்லர். மேசையில் அமர்ந்து வேலை பார்த்த எழுத்தர். வேலையின் நுணுக்கம் அறிந்ததால், மொழியைச் சிதைக்காமல் பொறியை அதற்கேற்ப வளைத்தார். இன்று அலுவலக மென்பொருளைத் தேர்ந்தெடுப்போர், அதில் நாள் முழுதும் உழைக்கப்போகும் எழுத்தரையும் கலந்து பேச வேண்டும். பயிற்சியை வேலை நேரத்திலேயே, ஊதியத்துடன் அளிக்க வேண்டும். அந்த முன்னோடி எழுத்தருக்கு நாம் செலுத்தும் தக்க மரியாதை அதுவே.