பந்து பற்றிய வீரர் டான் ஹட்சன்

கால்பந்து என்றதும் காலால் உதைத்தாடும் ஆட்டமே நம் நினைவில் எழும். அமெரிக்க நாட்டில் அப்பெயரால் வழங்கும் ஆட்டமோ வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுகப் பற்றி, எதிரணியைப் பிளந்துகொண்டு ஓடுவதே அதன் பழைய முறை. பந்தை முன்னோக்கி எறிய 1906ஆம் ஆண்டிலேயே விதி இடம் தந்தது. ஆயினும் பல ஆண்டுகள் வரை அது வேறு வழியற்றபோது கையாளும் உத்தியாகவே இருந்தது. உடல் வலியோர்க்கே அங்கு மதிப்பு. அந்நிலையை மாற்றியவர்களுள் முன்னிற்பவர் டான் ஹட்சன்.

ஆர்க்கன்சா மாநிலத்துப் பைன் பிளஃப் நகரில் 1913ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் பிறந்த அவர், அலபாமா பல்கலைக்கழகத்தில் பயின்றார். மெலிந்த உடல், மின்னல் வேகம். 1934இல் அவருடைய அணி தோல்வியே காணவில்லை. 1935 புத்தாண்டு நாளில், கலிபோர்னியாவில் நடந்த ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை எதிர்த்தது. எறியப்பட்ட பந்தை ஆறு முறை பற்றி 165 கெஜம் முன்னேற்றம் தேடித் தந்தார் ஹட்சன். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடத்தலை டச்டவுன் என்பர். அன்று அவர் எடுத்தவை இரண்டு. அலபாமா 29–13 என்று வென்றது.

இருந்தும் ஐயம் தீரவில்லை. தொழில்முறை ஆட்டத்தின் மோதல்களை இவ்வொல்லியான உடல் தாங்குமா என்று பலர் வினவினர். அவ்வாண்டே கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் சேர்ந்த அவர், செப்டம்பர் 22ஆம் நாள் சிகாகோ பேர்ஸ் அணிக்கெதிராக 83 கெஜ டச்டவுன் ஒன்றை எடுத்தார். ஆட்டம் 7–0 என்று முடிந்தது. வினாவுக்கு அதுவே விடை!

வேகம் மட்டும் அவர் கருவியன்று. ஓடும் வழியை முன்கூட்டியே வகுத்துக்கொள்வார். ஒரு பக்கம் பாய்வதுபோல் காட்டி மறுபக்கம் திரும்புவார். வேகத்தைக் குறைத்துச் சட்டென்று கூட்டுவார். காவலர் தடுமாறும் நொடியில் பந்து அவர் கையில் இருக்கும். 1942இல் அவர் பற்றிய பந்துகள் 74. அடுத்த இடத்தவர் பற்றியவை 27. ஒரே பருவத்தில் ஆயிரம் கெஜத்தைத் தாண்டிய முதல் பந்து பற்றுநரும் அவரே. போர்க்காலமாதலால் நல்ல ஆட்டக்காரர் பலர் படைக்குச் சென்றிருந்தனர் என்பது மெய். ஆனால் 1936, 1939 ஆகிய ஆண்டுகளிலேயே, போர் அமெரிக்காவை எட்டுமுன், அவருடைய அணி இருமுறை வாகை சூடியிருந்தது.

பதினோராண்டுகள் ஆடி 1945இல் விடைபெற்றபோது, பந்து பற்றி அவர் எடுத்த டச்டவுன்கள் 99. அவ்வெண்ணிக்கையை 1989 வரை எவரும் விஞ்சவில்லை. 1997 ஜூன் 26ஆம் நாள் அவர் மறைந்தார்.

நண்பர்களே, நம் விடுதிகளில் அணி தேரும்போது முதலில் நோக்குவது தோளின் அகலத்தைத்தான். ஒதுங்கி நிற்கும் ஒல்லியான தோழரையும் ஒருமுறை களத்தில் இறக்கிப் பாருங்கள்.