மண்ணின் பாடலைத் தேடியவர்

நுழையுமுன்

படித்தவர்கள் போற்றும் இசை ஒன்று; உழைக்கும் மக்கள் வயலிலும் வீட்டிலும் பாடும் இசை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே மதில் ஒன்று இருப்பதாகப் பலர் எண்ணினர். அம்மதில் தேவையற்றது என்பதைத் தம் படைப்புகளால் காட்டியவர் ஸ்பெயின் நாட்டு இசைமேதை மானுவேல் தெ ஃபாயா. அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

இளமைப் பருவம்

ஸ்பெயினின் தென்பகுதிக்கு அந்தலூசியா என்று பெயர். அங்கே, மூன்று புறமும் கடல் சூழ்ந்த பழைய துறைமுக நகரம் காதிஸ். அந்நகரில் 1876ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் ஃபாயா பிறந்தார். தந்தையார் வணிகர், தாயார் பியானோ வாசிப்பதில் வல்லவர். ஃபாயாவுக்கு முதல் இசையாசிரியர் அவருடைய தாயாரே. குழந்தையைக் கவனித்துக்கொண்ட செவிலி ஒருத்தி அந்தலூசிய நாட்டுப்புறப் பாடல்களைப் பாடுவாள். எழுத்தறியும் முன்பே அப்பாடல்கள் குழந்தையின் செவிவழி நெஞ்சில் புகுந்தன.

காலப்போக்கில் தந்தையாரின் வணிகம் நலிந்தது. குடும்பம் மாட்ரிட் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள இசைக்கல்லூரியில் பயின்ற ஃபாயா, 1899ஆம் ஆண்டு பியானோவில் முதற்பரிசு பெற்றுத் தேறினார். எனினும் பரிசு வயிற்றை நிரப்பவில்லை. குடும்பத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு அவர் தோள்மீது விழுந்தது. அக்காலத்தில் மாட்ரிட் மக்கள் விரும்பிப் பார்த்தவை சார்சுவேலா எனப்படும் இசை நாடகங்கள். பொருளீட்டும் நோக்குடன் ஃபாயா அவற்றிற் சிலவற்றை இயற்றினார். ஆயினும் அவற்றுள் ஒன்றே அப்போது மேடையேறியது.

ஆசிரியர் காட்டிய வழி

அந்நாளில் ஃபாயாவுக்கு வாய்த்த ஆசிரியர் ஃபெலிப் பெத்ரெல். ஸ்பெயினின் பழைய இசைச் சுவடிகளையும் நாட்டுப்பாடல்களையும் தேடித் திரட்டிய அறிஞர் அவர். ஒவ்வொரு நாட்டின் உயர்ந்த இசையும் அந்நாட்டு மக்களின் பாடல்களிலிருந்தே முளைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை ஃபாயாவின் வாழ்நாள் நெறியாயிற்று.

1905ஆம் ஆண்டு மாட்ரிட் நுண்கலைக் கழகம் நடத்திய போட்டியில் ஃபாயாவின் ‘குறுகிய வாழ்வு’ என்னும் இசை நாடகம் பரிசு வென்றது. அதே ஆண்டு பியானோப் போட்டி ஒன்றிலும் அவரே வென்றார். ஆனால், பரிசு பெற்ற நாடகத்தை மேடையேற்ற மாட்ரிட் அரங்குகள் முன்வரவில்லை. சொந்த நாட்டில் கதவு திறவாமையால், 1907ஆம் ஆண்டு அவர் பாரிஸ் சென்றார்.

பாரிஸ் வாழ்க்கை

சில நாள் தங்கும் எண்ணத்துடன் சென்றவர் ஏழாண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். பியானோ கற்பித்தும், பிறர் பாடுகையில் உடன் வாசித்தும் எளிய வாழ்க்கை நடத்தினார். தெபுஸி, ரவேல், துக்கா ஆகிய பிரெஞ்சு இசைமேதைகளும், ஸ்பெயின் நாட்டவரான அல்பேனிஸும் அவருக்கு நண்பராயினர். பல கருவிகளின் ஒலிகளை ஓவியர் வண்ணங்களைக் கலப்பதுபோல் கலக்கும் நுட்பத்தை அவர்களிடமிருந்து அறிந்துகொண்டார்.

எட்டாண்டுக் காத்திருப்புக்குப் பின், 1913ஆம் ஆண்டு பிரான்சின் நீஸ் நகரில் ‘குறுகிய வாழ்வு’ முதன்முதலாக அரங்கேறியது. ஸ்பானியக் கதை பிரெஞ்சு மொழியில் பாடப்பட்டது. தம் நாடு ஏற்கத் தயங்கிய படைப்பை அயல்நாடு ஏற்றுப் போற்றியது.

பாரிஸ் வாழ்வின் இறுதியில் அவர் இயற்றியது ‘ஏழு ஸ்பானிய மக்கட் பாடல்கள்’ என்னும் தொகுதி. மூர்சியா, அஸ்தூரியா, அரகோன், அந்தலூசியா எனப் பல பகுதிகளின் பாடல்கள் அதில் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று தாலாட்டு. ஊரை விட்டு நெடுந்தொலைவில் இருந்தபோதுதான் ஊரின் பாடல்கள் அவருக்கு மிகத் தெளிவாகக் கேட்டன போலும்.

புகழின் உச்சி

1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டதும் ஃபாயா மாட்ரிட் திரும்பினார். அடுத்த ஆண்டு ‘மாயக் காதல்’ என்னும் நடன நாடகத்தைப் படைத்தார். ஜிப்சி மக்களின் வாழ்க்கையையும் நம்பிக்கைகளையும் அடிப்படையாகக் கொண்டது அது. முதலில் பெரிய வரவேற்பு கிட்டவில்லை. ஃபாயா சோர்வடையாமல் அதனைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டார். அதில் வரும் ‘தீ நடனம்’ இன்று உலகெங்கும் இசைக்கப்படுகிறது. 1916ஆம் ஆண்டு ‘ஸ்பெயினின் தோட்டங்களில் இரவுகள்’ என்னும் படைப்பு அரங்கேறியது. பியானோவும் பல்லியக் குழுவும் இணைந்து இசைக்கும் படைப்பு இது.

ஃபாயா நாட்டுப்பாடலை அப்படியே எடுத்துத் தம் இசையில் ஒட்டுவதைப் பெரும்பாலும் தவிர்த்தார். பாடலின் தாளத்தையும், சுர அமைப்பையும், உணர்ச்சியையும் உள்வாங்கிக்கொண்டு புதிதாகப் படைத்தார். கித்தார் நரம்புகளின் அதிர்வை வயலின்களிலும் பியானோவிலும் ஒலிக்கச் செய்தார்.

1919ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் லண்டன் நகரில் ‘முக்கோணத் தொப்பி’ என்னும் நடன நாடகம் அரங்கேறியது. தியாகிலெவ் நடத்திய ரஷ்ய நடனக் குழுவினர் ஆடினர்; மேடைக் காட்சியையும் உடைகளையும் வரைந்தவர் ஓவியர் பிக்காசோ. அரங்கேற்றத்திற்குச் சற்று முன் ஃபாயாவுக்குத் தந்தி வந்தது. தாயார் மரணப் படுக்கையில் இருப்பதாக அது தெரிவித்தது. அவர் உடனே ஊருக்குப் புறப்பட்டார். அரங்கில் கைதட்டல் எழுந்த வேளையில் அதைப் பெறவேண்டியவர் அங்கில்லை. முதன்முதலில் இசை கற்பித்த அன்னையை உயிருடன் காணும் பேறும் அவருக்கு வாய்க்கவில்லை.

ஆழ்ந்த பாடலைக் காக்கும் முயற்சி

பெற்றோரை இழந்த ஃபாயா, தம் தங்கை மரியாவுடன் கிரனாடா நகரில் குடியேறினார். அல்ஹாம்பிரா அரண்மனைக்கு அருகில், குன்றின்மேல் அவருடைய சிறிய வீடு இருந்தது. அங்கே இளங்கவிஞர் ஃபெதரிக்கோ கார்சியா லோர்கா அவருக்கு நெருங்கிய நண்பரானார்.

அந்தலூசியாவில் ‘காந்தே ஹோந்தோ’ என்னும் பழம்பாடல் மரபு உண்டு. ‘ஆழ்ந்த பாடல்’ என்பது அதன் பொருள். துயரத்தையும் காதலையும் நெஞ்சைப் பிளக்கும் குரலில் வெளிப்படுத்தும் பாடல் அது. படித்தவர்கள் அதனை இழிந்ததெனக் கருதினர். கேளிக்கை விடுதிகளிலோ அது உருமாறிப் போயிற்று. பழைய முறையில் பாட அறிந்தோர் முதுமையுற்று மறைந்துகொண்டிருந்தனர். இன்னும் சில ஆண்டுகள் கழிந்தால் மீட்க எதுவும் எஞ்சாது என்று ஃபாயா அஞ்சினார்.

அம்மரபின் வேர்களை ஆராய்ந்து அவர் சிறுநூல் ஒன்று எழுதினார். பைசாந்தியத் திருச்சபை இசை, அராபியர் வருகை, ஜிப்சிகளின் குடியேற்றம் ஆகிய மூன்றும் அம்மரபை உருவாக்கின என அவர் கருதினார். ஜிப்சிகளின் முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதை மொழியியல் அறிஞர்கள் நிறுவியுள்ளனர்.

1922ஆம் ஆண்டு ஜூன் 13, 14 ஆகிய நாள்களில் ஃபாயா, லோர்கா முதலியோரின் முயற்சியால் அல்ஹாம்பிராவில் ஆழ்ந்த பாடற்போட்டி நடைபெற்றது. பாடலைத் தொழிலாகக் கொண்ட வயதுவந்த பாடகர்க்கு அதில் இடமில்லை. பரிசு பெற்றவர்களுள் ஒருவர் எல் தெனாசாஸ் என்னும் முதியவர். அவர் பல நாள் கால்நடையாகவே கிரனாடா வந்தடைந்தார் என்று சொல்வர். மற்றொருவர் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதே நிரம்பிய மனோலோ கராக்கோல். பிற்காலத்தில் புகழ்பெற்ற பாடகரானார். மறையும் தலைமுறையும் வளரும் தலைமுறையும் ஒரே மேடையில் நின்று பாடின.

போரும் பிரிவும்

1936ஆம் ஆண்டு ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஆகஸ்டு மாதம் லோர்கா கைது செய்யப்பட்டார். ஃபாயா மென்மையான இயல்பினர், உடல்நலம் குன்றியவர். ஆயினும் அச்சத்தை விலக்கி, நண்பருக்காகப் பரிந்து பேச அதிகாரிகளிடம் சென்றார். அதற்குள் லோர்கா கொல்லப்பட்டிருந்தார்.

1939ஆம் ஆண்டு இசை நிகழ்ச்சிகளை நடத்த ஃபாயா அர்ஜென்டினா சென்றார். தங்கையும் உடன் சென்றார். தாயகம் திரும்பினால் உதவித்தொகை தருவதாக ஸ்பெயின் அரசு அழைத்தும் அவர் ஏற்கவில்லை. ஆல்டா கிராசியா என்னும் மலைப்பாங்கான ஊரில் தங்கி, ‘அட்லாந்திடா’ என்னும் பெரும்படைப்பைத் தொடர்ந்து எழுதினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தும் அது முற்றுப்பெறவில்லை. 1946ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், எழுபது வயது நிறைவதற்கு ஒன்பது நாள் முன்பு, அவர் இயற்கை எய்தினார். அட்லாந்திடாவை அவருடைய மாணவர் எர்னஸ்தோ ஹால்ஃப்டர் பின்னர் நிறைவு செய்தார்.

ஃபாயாவின் உடல் கடல் கடந்து தாயகம் கொண்டுவரப்பட்டது. பிறந்த ஊராகிய காதிஸ் நகரின் பேராலயத்தில் அவர் துயில்கிறார். செவிலியின் மடியில் கேட்ட பாடலை மறவாத ஒருவர், அதனை உலகமே கேட்கும்படி செய்தார். அவர் இயற்றியவை எண்ணிக்கையில் குறைவே; ஆயினும் அவற்றில் ஒரு மக்களின் குரல் நிலைத்து நிற்கிறது.

பயிற்சி

1. ஃபாயா பாரிஸ் செல்லக் காரணம் யாது?
2. நாட்டுப்பாடலை ஃபாயா தம் இசையில் எவ்வாறு பயன்படுத்தினார்?
3. பாடற்போட்டியில் தொழில்முறைப் பாடகர்களைச் சேர்க்காதது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. உம் வீட்டுப் பெரியோரிடம் அவர்கள் ஊர்த் தாலாட்டு அல்லது நடவுப்பாட்டு ஒன்றைக் கேட்டு எழுதுக. அதை அவர்கள் யாரிடம் கற்றனர் என்பதையும் குறிப்பிடுக.