கணக்காயர் குமரப்பா

பண்டைத் தமிழிலே ஆசிரியருக்குக் கணக்காயர் என்றொரு பெயர் உண்டு. எழுத்துகளின் வரிசைக்கு நெடுங்கணக்கு என்று பெயர். நூல்தொகுதிகளையும் மேற்கணக்கு என்றும் கீழ்க்கணக்கு என்றும் வழங்கினர். எண்ணும் எழுத்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. இக்காலத்திலோ கணக்கு என்றவுடனே முகம் சுளிக்கின்றோம். கணக்குப் பார்ப்பவன் நெஞ்சில் ஈரம் இல்லாதவன். கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக் கொடுப்பவனே அருளாளன். இப்படி ஒரு வழக்கு நம்மிடையே வேரூன்றிவிட்டது.

இவ்வழக்குத் தவறானது என்பதைத் தம் வாழ்க்கையாலே காட்டிய தமிழர் ஒருவர் இருந்தார். ஜே. சி. குமரப்பா என்பது அவர் பெயர். காந்தியப் பொருளியல் அறிஞர் என்று உலகம் அவரை அறியும். ஆயினும் 1934ஆம் ஆண்டு பீகாரிலே நிலம் நடுங்கியபோது அவர் ஆற்றிய தொண்டினை நம்மவரிற் பலர் அறியார். அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குமரப்பா 1892ஆம் ஆண்டு தை மாதம் 4ஆம் நாள் தஞ்சாவூரிலே கிறித்தவக் குடும்பம் ஒன்றிலே பிறந்தார். தந்தையார் சாலமன் துரைசாமி கொர்னேலியஸ். அரசாங்கப் பொதுவேலைப் பகுதியிலே உத்தியோகம் பார்த்தவர். தாயார் எஸ்தர் இராசநாயகம். பிள்ளைக்கு ஜோசப் செல்லத்துரை என்று பெயர் இட்டனர். செல்லத்துரையும் இராசநாயகமும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைதோறும் கேட்கும் பெயர்கள். ஆகவே இவரை நமக்கு அயலவர் என்று சொல்ல மனம் வரவில்லை.

செல்லத்துரை கொர்னேலியஸ் இலண்டன் சென்று கணக்கியல் பயின்றார். தேர்ச்சிபெற்ற கணக்காளராகி 1919இலே பம்பாய்க்கு மீண்டார். பிறகு அந்நகரிலே கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றையும் நடத்தினார். நல்ல வருவாய், மேனாட்டு உடை, மேனாட்டு வாழ்க்கை. 1927இலே அமெரிக்கா சென்றார். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்திலே வணிக நிர்வாகம் கற்றார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே செலிக்மன் என்னும் பேராசிரியரிடம் பொதுநிதி கற்றார்.

அங்கேதான் அவர் வாழ்வு திரும்பியது. இந்தியா வறுமைப்பட்டது ஏன் என்ற வினாவை அவர் ஆராயத் தொடங்கினார். வரியாகப் பெறும் பணம் யாரிடமிருந்து வருகின்றது, யாருக்காகச் செலவாகின்றது என்று ஏடுகளைப் புரட்டினார். ஏழையிடம் பெற்ற பணம் ஏழைக்குத் திரும்பவில்லை என்பதை அக்கணக்கே அவருக்குக் காட்டியது. பிறர் மேடையிலே கேட்டு நாட்டுப்பற்றுக் கொண்டனர். இவர் பேரேட்டிலே கண்டு நாட்டுப்பற்றுக் கொண்டார். தாய்நாடு திரும்பியபின் கொர்னேலியஸ் என்ற பெயரை விடுத்து, முன்னோர் வழிவந்த குமரப்பா என்ற பெயரை மேற்கொண்டார். தம்பியாராகிய பரதனும் அவ்வாறே செய்தார். பெயர் மாறியதேயன்றிச் சமயம் மாறவில்லை. இறுதிவரை அவர் ஏசுபிரானின் அடியவராகவே வாழ்ந்தார்.

1929ஆம் ஆண்டு வைகாசியிலே சபர்மதி ஆசிரமத்திலே காந்தியடிகளைக் கண்டார். அவர் எழுதிய ஆராய்ச்சியை அடிகள் தமது யங் இந்தியா இதழிலே தொடராக வெளியிட்டார். பின்னர் குசராத்து வித்தியாபீடத்திலே குமரப்பா ஆசிரியரானார். மாணவரை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்துக் கிராமங்களுக்குச் சென்று, குடியானவனின் வரவையும் செலவையும் கடனையும் கேட்டு எழுதினார். பழந்தமிழ் வழக்கிலும் புதுவழக்கிலும் அவர் கணக்காயர் ஆனது அப்பொழுதுதான். உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டிய காலத்திலே சிறைவாசமும் செய்தார்.

இனிப் பீகாருக்கு வருவோம். 1934ஆம் ஆண்டு தை மாதம் 15ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிடங்களாயின. இமயமலைச் சாரலிலே நேபாளத்துக்கும் வடபீகாருக்கும் அடியிலே பூமி பேரதிர்ச்சி கொண்டது. முங்கேர் நகரம் கற்குவியலாயிற்று. முசாபர்பூரும் தர்பங்காவும் மோதிகாரியும் சீதாமடியும் சிதைந்தன. இரு நாடுகளிலுமாக மாண்டவர் 10,000 பேருக்கு மேற்பட்டோர். நிலம் பல இடங்களிலே வாய் பிளந்து, நீரையும் மணலையும் கக்கியது. வயலை மணல் மூடிற்று. கிணற்றை மணல் தூர்த்தது. கரும்பு முற்றி நின்றது. அதனைப் பிழியும் ஆலைகளோ உடைந்து கிடந்தன. உயிர் தப்பியவனுக்குக் குடிக்க நீரில்லை; உழ நிலமில்லை; விளைந்ததை விற்க வழியில்லை.

அப்பொழுது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பயணத்திலே தென்னாட்டில் இருந்தார். 1927ஆம் ஆண்டு கார்த்திகையிலே யாழ்ப்பாணத்துக்கு வந்து, நம் மாணவர் காங்கிரசாரின் வரவேற்பை ஏற்றுக் கதர் நிதி பெற்றுச் சென்றவர் அவர். இம்முறை அவர் திருநெல்வேலியிலே நின்றபோது, தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையே இந்நடுக்கம் என்று பேசினார். கவியரசர் தாகூர் அக்கருத்தை மறுத்தெழுதினார். அவ்விவாதம் பெரியோர்க்கிடையே நிகழ்ந்த பெரிய விவாதம். ஆனால் மணல் மூடிய வயலின் வரப்பிலே நின்ற உழவனுக்கு வேண்டியது விடையன்று, மண்வெட்டி.

சிறையிலிருந்த இராசேந்திர பிரசாதர் நடுக்கம் நேர்ந்த சில நாட்களுள் விடுதலை பெற்றார். உடனே பீகார் மத்திய நிவாரணக் குழுவை அமைத்தார். நாடெங்கும் இருந்து நிதி வந்து குவிந்தது. தொண்டர்கள் திரண்டனர். சுவிற்சர்லாந்திலிருந்து பியர் செரசோல் என்னும் பொறியியல் அறிஞர் தோழர் சிலருடன் வந்து, முசாபர்பூர்ப் பகுதியிலே கிராமங்களை மீளக் கட்டும் பணியிலே ஈடுபட்டார். 1920ஆம் ஆண்டு சர்வதேச மக்கட்பணி இயக்கத்தைத் தொடங்கியவர் இவரே. பொறியியலாளனின் மட்டக்கோலும் கொத்தனின் கரண்டியும் அருளின் கருவிகளாகலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் அவர்.

அங்ஙனமே பேரேடும் எழுதுகோலும் அருளின் கருவிகளாகலாம் என்பதைக் காட்டும் பொறுப்புக் குமரப்பாவுக்கு வாய்த்தது. குழுவின் நிதி ஆலோசகராக அவர் அழைக்கப்பட்டுப் பாட்னா சென்றார்.

இப்பணியின் அருமையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். பேரிடர்க் காலத்திலே பணம் பல கையால் வரும். பல கையால் போகும். கொடுப்பவன் தொலைவிலே இருக்கின்றான். பெறுபவன் இடிபாட்டிலே இருக்கின்றான். இருவரும் ஒருவரையொருவர் காணார். இடையிலே நிற்பவனின் ஏடு ஒன்றே இருவருக்கும் சாட்சி. இன்ன நாள் இவ்வளவு வந்தது என்பதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். களஞ்சியத்திலே இத்தனை மூட்டை உள்ளது என்பதற்கு இருப்பேடு வேண்டும். இந்த ஊருக்கு இவ்வளவு, அந்த ஊருக்கு அவ்வளவு என்பதற்குப் பங்கீட்டேடு வேண்டும். நாள்தோறும் பெட்டியிலுள்ள பணமும் ஏட்டிலுள்ள எண்ணும் ஒத்து நிற்கவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் களவு நுழையும். களவு நுழையாவிடினும் ஐயம் நுழையும். ஐயம் நுழைந்தால் அடுத்த இடருக்கு ஒருவனும் கொடான். ஆகவே கணக்குத் தவறினால் இழப்பு இன்றைய ஏழைக்கு மாத்திரம் அன்று; நாளைய ஏழைக்குமாம்.

தொண்டர்கள் நல்லவர்கள். ஆயினும் நல்லவர்களும் உண்ணவேண்டும், வண்டி ஏறவேண்டும். அச்செலவு எங்கிருந்து வருவது? துயருற்றோருக்கென்று வந்த நிதியிலிருந்துதான். எனவே குமரப்பா ஓர் எல்லை வகுத்தார். தொண்டர் ஒருவரின் ஒருநாள் உணவுக்கு மூன்று அணா. அதற்குமேல் ஒரு காசும் இல்லை. ஒரு ரூபாவுக்குப் பதினாறு அணா வழங்கிய காலம் அது.

இந்நிலையிலே 1934ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே காந்தியடிகள் பீகாருக்கு வந்தார். அவருடன் பரிவாரமும் வந்தது. அடிகளின் உணவு எளியதுதான். ஆயினும் ஆட்டுப்பாலும் பழமும் மூன்று அணாவுள் அடங்குபவை அல்ல. மோட்டார் வண்டிக்கு எண்ணெய்ச் செலவும் உண்டு. குமரப்பா அடிகளின் செயலாளராகிய மகாதேவ தேசாயியை அழைத்தார். இச்செலவை நிவாரண நிதியிலே எழுத இயலாது, வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரிவித்தார். செய்தி அடிகளுக்கு எட்டியது. அவர் குமரப்பாவிடம் காரணம் கேட்டார். குமரப்பா தயங்காமல் காரணம் சொன்னார். இது மக்கள் துயர் துடைக்கவென்று மக்கள் தந்த பணம். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்பதே அக்காரணம். அடிகள் அதனை ஏற்றுக்கொண்டு, தம் பரிவாரத்தின் செலவு நிதியைச் சாராதவாறு செய்தார். குமரப்பாவின் வரலாற்றை எழுதியோர் இதனை வியந்து கூறுவர்.

தமிழ் படித்தோருக்கு இவ்விடத்திலே மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் நினைவுக்கு வராமல் இரார். எதிரே நிற்பவர் இறைவனே என்று அறிந்தபின்னும் பாட்டிலே கண்ட குற்றம் குற்றமே என்று நின்றவர் அவர் என்பது திருவிளையாடற் கதை. அவர் காத்தது தமிழின் நெறியை. குமரப்பா காத்தது பெயரறியாத ஏழை ஒருவனின் மூன்று அணாவை. இரண்டனுள் எது பெரிது என்று என்னைக் கேட்டால், தமிழாசிரியனாகிய நான் இரண்டாவதையே சொல்வேன். பாட்டுக்குக் குற்றம் நேர்ந்தால் புலவன் திருத்திக்கொள்வான். ஏழையின் பங்கு குறைந்தால் அவனுக்காகக் கேட்பவர் யார்?

இது நூலறிவால் மாத்திரம் சொல்லும் சொல் அன்று. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி நம் கரையை அழித்தது. பருத்தித்துறையும் வடமராட்சி கிழக்கும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அந்நாட்களிலே மக்கள் தங்கியிருந்த பாடசாலை ஒன்றிலே பெயர்ப்பட்டியல் எழுதும் பணி எனக்குக் கிடைத்தது. லொறிகள் வந்தன. படலையண்டை நின்றவருக்கு இருமுறை பாய் கிடைத்தது. பின்கட்டிலே கைக்குழந்தையுடன் இருந்த பெண்ணுக்கு ஒருமுறையும் கிடைக்கவில்லை. கொடுத்தவர்கள் கல்நெஞ்சர் அல்லர்; அவர்கள் கண்கள் கலங்கியிருந்தன. கலங்கிய கண்ணுக்குப் பின்கட்டுத் தெரிவதில்லை. ஒரு கொப்பி வாங்கிக் குடும்பம் குடும்பமாக எழுதி, கொடுத்ததற்குக் குறியிட்டபின்னரே அப்பெண்ணுக்குப் பாய் போய்ச் சேர்ந்தது. கணக்கு என்பது இல்லாதவரையும் காணும் கண் என்பதை அன்று அறிந்தேன்.

உலகமும் இதனை அறிந்துகொண்டது. 2015ஆம் ஆண்டு சித்திரை 25ஆம் நாள் நேபாளம் மறுபடி நடுங்கிற்று. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். வைத்தியரும் மீட்புப் படையினரும் சென்றதுபோலவே களஞ்சியம் காப்போரும் நிலப்படம் வரைவோரும் செய்தித்தொடர்பு அமைப்போரும் சென்றனர். ஐக்கிய நாடுகள் சபையார் இத்தகைய பணிகளுக்கென்றே தனித்தனி அணிகள் வகுத்துள்ளனர். கருவிகள் மாறிவிட்டன, ஏடு கணினியாயிற்று. வினா மாத்திரம் மாறவில்லை. உரியது உரியவருக்குச் சென்றதா என்பதே அவ்வினா.

பீகாரிலே தொண்டாற்றிய அதே ஆண்டின் இறுதியிலே, அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவிலே தோன்றியது. அதன் செயலாளர் பொறுப்பைக் காந்தியடிகள் குமரப்பாவிடமே ஒப்படைத்தார். செக்கு, நெல்லுக்குத்தல், காகிதம் செய்தல், தேனீ வளர்த்தல் முதலிய சிறு தொழில்களுக்கு அவர் தம் அறிவையெல்லாம் தந்தார். சிறையிலிருந்தபோது, நிலைத்து நிற்கும் பொருளியல் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1945இலே அடிகளின் முன்னுரையுடன் வெளிவந்தது. இயற்கையிடமிருந்து பெறுவதற்கும் அதற்குத் திருப்பித் தருவதற்கும் உள்ள வரவு செலவே அந்நூலின் பொருள். பூமிக்கும் மனிதன் கணக்குக் காட்டவேண்டும் என்பது அவர் முடிபு. விடுதலைக்குப் பிறகு காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பதவிகளை நாடவில்லை, மணமும் செய்துகொள்ளவில்லை. இறுதிக் காலத்திலே மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியிலே காந்திநிகேதன் ஆசிரமத்திலே எளிய வாழ்க்கை வாழ்ந்தார். 1960ஆம் ஆண்டு தை மாதம் 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே திகதியிலே, அவரும் மறைந்தார்.

நம்மூரிலே இன்று கோயிலுக்கும் பாடசாலைக்கும் இடருற்றோருக்கும் வெளிநாட்டு உறவினர் மனமுவந்து பணம் அனுப்புகின்றனர். வாங்கும் இடத்திலே யாரேனும் ஒருவர் பற்றுச்சீட்டுக் கேட்டால், அவரை நம்பிக்கையற்றவர் என்றும் குழப்பக்காரர் என்றும் ஏசுகின்றோம். அங்ஙனம் கேட்பவர் கொடுத்தவரின் பகைவர் அல்லர், பெறவேண்டியவரின் உறவினர். அடுத்த சங்கக் கூட்டத்திலே ஒருவர் எழுந்து கணக்கு எங்கே என்று கேட்பாராயின், அவருக்கு முன்வரிசையிலே ஓர் ஆசனம் கொடுங்கள்.